பசுமை வளையமும் புதுக் குடியிருப்புகளும்: இங்கிலாந்தின் நெடிய வழக்கு

நகரம் எந்த எல்லையில் நின்றுவிட வேண்டும், அந்த எல்லையை வகுக்கும் அதிகாரம் யாருக்கு உரியது என்ற கேள்வி இங்கிலாந்தில் ஏறத்தாழ நான்கரை நூற்றாண்டுகளாக விவாதத்தில் இருந்து வருகிறது. 1580-இல் முதலாம் எலிசபெத் அரசி, லண்டன் மாநகர வாயில்களிலிருந்து மூன்று மைல் தூரத்துக்குள், முன்பு வீடு இருந்திராத மனையில் எவரும் புது வீடு எழுப்பலாகாது என்று பிரகடனம் செய்தாள். கொள்ளைநோய்க்கும், தானிய வரத்துப் போதாமற் போவதற்கும், ஏழைகளின் பெருக்கத்தால் அமைதி குலைவதற்கும் அஞ்சிப் பிறந்த அந்த ஆணையை ஜனங்கள் பெரிதாக மதித்ததாகத் தெரியவில்லை. இருந்த வீடுகளையே கூறு போட்டுக் குடியேறினார்கள். ஸ்டூவர்ட் அரசர்களின் காலத்திலோ, ஆணையை மீறியவர்களிடம் வசூலித்த அபராதமே அரசாங்கப் பொக்கிஷத்துக்கு ஒரு வருவாயாகிவிட்டது. தடை ஒன்று விதிக்கப்பட்டால் அதனால் விளையும் லாபம் யாரோ ஒருவர் கைக்குப் போய்ச் சேரும் என்னும் இந்த அனுபவம், பிற்காலத்து விவாதங்களிலும் வேறு வேறு வேஷத்தில் திரும்பி வருகிறது.

இன்று, நகரங்களைச் சுற்றிப் புதுக் கட்டடம் பொதுவாகத் தடுக்கப்பட்டு, பசுமை வளையம் என வரையறுக்கப்பட்ட நிலம் இங்கிலாந்தின் மொத்தப் பரப்பில் சுமார் 12.5 சதவீதம், அதாவது 16,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். லண்டனைச் சூழ்ந்த வளையம் மாத்திரமே ஏறக்குறைய 5,000 சதுர கிலோமீட்டர். அது அம்மாநகரின் விஸ்தீரணத்தைப் போல மூன்று மடங்குக்கு மேற்பட்டது. இந்த வளையத்தினுள் புதுக் குடியிருப்பு ஒன்று வரப்போகிறது என்ற செய்தி எழும் இடமெல்லாம் ஊரார் திரண்டு ஆட்சேபிப்பது ஏன், அந்த ஆட்சேபங்களுக்கு நிபுணர்கள் கூறிவந்த விடைகள் எவை, அவற்றுள் எவை எந்த அளவுக்குத் தேறுகின்றன என்பவற்றைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் உத்தேசம்.

ஓர் உடன்படிக்கையின் பாதி

பார்லிமெண்டில் சுருக்கெழுத்தாளராக ஜீவனம் நடத்திய எபனேசர் ஹாவர்ட், 1898-இல் வெளியிட்ட நூலில், 6,000 ஏக்கர் நிலத்தை வாங்கி, அதில் 1,000 ஏக்கரில் நகரமும் எஞ்சிய 5,000 ஏக்கரில் வயலும் தோட்டமும் அமைத்து, 32,000 பேரைக் குடியேற்றும் ஒரு திட்டத்தை முன்வைத்தார். அதன் உயிர்நாடி பசுமையன்று. நிலம் முழுவதும் அவ்வூராரின் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும், நகரம் வளருவதால் ஏறும் நில மதிப்பு வாடகை உருவில் அவர்களுடைய பள்ளிக்கும் சாலைக்கும் வைத்தியசாலைக்கும் வந்து சேர வேண்டும் என்பதே அது. நகரம் நிரம்பியதும், சுற்றியுள்ள வயலைத் தொடாமல், அதற்கு அப்பால் இன்னொரு நகரம் எழுப்பப்படும். ஆகவே ஹாவர்டின் வளையம் வளர்ச்சியை மறுக்கும் வேலியாகப் பிறக்கவில்லை. வளர்ச்சி அடுத்து எங்கே செல்ல வேண்டும் என்று வழிகாட்டும் ஏற்பாடாகவே பிறந்தது.

நகரங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டி ஒரே திரளாகிவிடும் அபாயத்தைப் பாட்ரிக் கெட்டிஸ் 1915-இல் விரிவாக எழுதினார். ஏறத்தாழ அதே சமயத்தில் அவர் நம் சென்னை மாகாணத்துக்கு வந்து, மதுரை, தஞ்சாவூர், காஞ்சிபுரம் முதலிய ஊர்களைப் பார்வையிட்டு அறிக்கைகள் தந்தவர் என்பது நம்மவர் நினைவிற் கொள்ளத்தக்கது. அதன்பின் ரேமண்ட் அன்வின் லண்டனுக்கு ஒரு பசுமைக் கச்சை வேண்டுமென வாதித்தார். 1935-இல் ஹெர்பர்ட் மாரிசன் தலைமையிலிருந்த லண்டன் கவுண்டி கவுன்சில், சுற்றியுள்ள கவுண்டிகள் நிலம் வாங்குவதற்கென 20 இலட்சம் பவுன் மானியம் அறிவித்தது. 1938-இல் அதற்கெனத் தனிச் சட்டமும் வந்தது. இந்த முதற்கட்டத்தில் வளையம் பொதுப்பணத்தில் விலைக்கு வாங்கப்பட்டது என்பதையும், வாங்கிய நிலத்தில் ஒரு பகுதி ஜனங்கள் சென்று உலவுவதற்குத் திறந்திருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

1947-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டம் நிலைமையை அடியோடு மாற்றியது. கட்டடம் எழுப்பும் உரிமை அன்றுமுதல் நிலச்சொந்தக்காரரிடமிருந்து பிரிந்து அரசின் வசமாயிற்று. நஷ்டமடைந்தோர்க்கென 30 கோடி பவுன் நிதி ஒதுக்கப்பட்டது. அனுமதி கிடைத்ததால் ஏறும் மதிப்பு முழுவதையும் வரியாகக் கட்ட வேண்டுமென்று விதிக்கப்பட்டது. நிலத்தை வாங்காமலே, அனுமதி மறுப்பதொன்றாலேயே வளையத்தைக் காக்கலாம் என்ற வசதி இவ்வாறு பிறந்தது. பாட்ரிக் ஆபர்குரோம்பியின் 1944-ஆம் ஆண்டு லண்டன் திட்டம் வகுத்த வளையமும், 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஸ்டீவனேஜ், ஹார்லோ, கிராலி முதலிய புதுநகரங்களும் சேர்ந்துதான் அக்காலத்து உடன்படிக்கை: இங்கே கட்டமாட்டோம், அங்கே கட்டுவோம், ஏறும் மதிப்பு பொதுவுக்கு வரும்.

இந்த உடன்படிக்கையின் மூன்று உறுப்புகளில் ஒன்றே நிலைத்தது. மதிப்பேற்ற வரி 1950-களின் தொடக்கத்திலேயே நீக்கப்பட்டது. 1967-இலும் 1976-இலும் வேறு உருவங்களில் மீண்டும் கொண்டுவரப்பட்டு, முறையே 1971-இலும் 1985-இலும் ஒழிக்கப்பட்டது. புதுநகரங்கள் அமைப்பது 1970-க்குப் பின் நின்றுபோயிற்று. வளையமோ, 1955-இல் அமைச்சர் டங்கன் சாண்டிஸ் அனுப்பிய சுற்றறிக்கையால் நாடு முழுவதற்கும் உரிய கொள்கையாகி, 1970-களின் இறுதிக்குப் பின் இருமடங்குக்கு மேல் விரிந்தது. பிற்காலத்து மனஸ்தாபங்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பிளவே மூலகாரணம் என்று கருத இடமிருக்கிறது.

வளையம் காப்பது எதை?

இன்றைய தேசியத் திட்டக் கொள்கை வளையத்துக்கு ஐந்து நோக்கங்களைக் கூறுகிறது: பெருநகரம் கட்டுப்பாடின்றிப் பரவுவதைத் தடுத்தல், அண்டை நகரங்கள் ஒட்டிப்போகாமற் காத்தல், நாட்டுப்புறத்தை ஆக்கிரமிப்பிலிருந்து பாதுகாத்தல், பழமையான நகரங்களின் சூழலைப் பேணுதல், பாழடைந்த நகர நிலம் மீண்டும் பயனுக்கு வரத் தூண்டுதல். இவற்றுள் இயற்கையழகு இல்லை. பட்சிகளும் விருட்சங்களும் இல்லை. பொதுமக்கள் நடந்து திரியும் உரிமையும் இல்லை. அவற்றுக்கு வேறு சட்டங்களும் வேறு வரையறைகளும் உண்டு. வேலியடைத்த கோதுமை வயலும், குதிரைக் கொட்டிலும், கைவிடப்பட்ட பெட்ரோல் நிலையமும் வளையத்தில் அடங்கலாம். அற்புதமான காடொன்று அதற்கு வெளியே கிடக்கலாம். ஆனால் சாமானிய ஜனங்களின் மனத்தில் வளையம் என்றாலே பசுமையும் அழகும் தூய காற்றும்தான் தோன்றுகின்றன. இரு கட்சியாரும் இந்த மயக்கத்தைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்தத் தயங்கியதில்லை.

ஊராரின் ஆட்சேபங்கள்

ஊரார் எழுதும் ஆட்சேப மனுக்களில் பசுமையைப் பற்றிய வாசகங்கள் முதலில் நின்றாலும், மனுவின் பெரும்பகுதியை நிரப்புவது சாக்கடையும் பள்ளிக்கூடமும் டாக்டரும் சாலையுமே. வெளியாரின் கண்ணுக்கு அற்பமாகப் படுகிற இவ்விஷயங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது அவசியம். ஏனெனில் ஆட்சேபத்தின் நியாயம் எங்கே வலுக்கிறது, எங்கே இளைக்கிறது என்பது அங்கேதான் புலனாகிறது.

கழிவுநீரை முதலில் எடுத்துக்கொள்வோம். 1991-ஆம் ஆண்டின் நீர்த்துறைச் சட்டப்படி, புது வீட்டின் கழிவுநீர்க் குழாயைப் பொதுச் சாக்கடையுடன் இணைக்கும் உரிமை கட்டுவோருக்கு உண்டு. குழாயின் கொள்ளளவு போதாது என்ற ஒரே காரணத்தால் நீர்க் கம்பெனி அதை மறுக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் வேல்ஸைச் சேர்ந்த ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அந்தப் பற்றாக்குறையை அனுமதி வழங்கும் கட்டத்திலேயே கவனிக்க வேண்டும். ஆனால் அந்தக் கட்டத்தில் நீர்க் கம்பெனிகளைக் கட்டாயமாகக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற விதியில்லை. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் பழைய ஏற்பாடு பல ஊர்களில் இன்னும் இருப்பதால், பெருமழையின்போது கழிவு ஆற்றில் கலப்பது பிரத்தியட்சம். ஆகவே, இருக்கிற வீடுகளின் கழிவையே தாங்காத சாக்கடையில் இன்னும் ஐந்நூறு வீடுகளின் கழிவு சேரப்போகிறதே என்று கேட்கும் கிராமவாசியைச் சுயநலக்காரன் என்று ஒதுக்குவது எளிதன்று.

பள்ளிக்கும் வைத்தியத்துக்கும் வேறு வகைச் சங்கடம். கட்டுவோருடன் கவுன்சில் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் வழியே பள்ளிக் கட்டடத்துக்குப் பணம் பெறலாம். மருத்துவ நிலையத்துக்கு மனையும் பெறலாம். அங்கே அமரவேண்டிய டாக்டரை ஒப்பந்தத்தால் உற்பத்தி செய்ய முடியாது. நோயாளிகளின் எண்ணிக்கைக்கேற்ற நிதி அவர்கள் வந்து பதிவுசெய்த பின்னரே வந்து சேருவதால், இடைக்காலக் கஷ்டம் முழுவதையும் சுமப்போர் ஏற்கெனவே அங்கிருப்பவர்கள். சாலையைப் பொறுத்தவரை, போக்குவரத்தின் காரணமாக ஒரு திட்டத்தை நிராகரிக்க வேண்டுமானால், பாதுகாப்புக்கு ஏற்க முடியாத கேடு இருக்க வேண்டும், அல்லது ஒட்டுமொத்தத் தாக்கம் கடுமையாக இருக்க வேண்டும் என்று தேசியக் கொள்கை கூறுகிறது. தினந்தோறும் பதினைந்து நிமிஷம் கூடுதலாகக் காத்திருப்பது அந்த அளவுகோலில் ஏறுவது அரிது.

கிராமம் நகரத்தோடு ஒட்டிப்போகும் என்ற அச்சமும் சாகுபடி நிலம் அழியும் என்ற அச்சமும் மனுக்களில் நிலையான இடம் பெறுபவை. நிலத்தைத் தரம் பிரித்து, முதலிரு தரங்களையும் மூன்றாம் தரத்தின் மேற்பகுதியையும் சிறந்த நிலமெனக் கொள்ளும் முறை அங்கே உண்டு. ஆனால் அத்தகைய நிலத்தில் கட்டக்கூடாதென்ற தடையில்லை, அதன் மதிப்பைக் கருத்திற் கொள்ள வேண்டும் என்பதே விதி. உயிரினங்களைப் பற்றிய ஆட்சேபம், நேர்மையாகச் சொன்னால், சற்று இளைத்தது. மருந்து தெளித்து ஒரே பயிரை விளைவிக்கும் வயலைக் காட்டிலும், மரங்களும் தோட்டங்களும் குளங்களும் உள்ள குடியிருப்பில் ஜீவராசிகள் குறைவாக இருக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. 2024 முதல் கட்டாயமாக்கப்பட்ட பத்து சதவீத உயிரின வள மேம்பாட்டு விதி சரிவர அமலானால் இவ்வாதம் மேலும் மெலியக்கூடும்.

இவ்வளவுக்கும் பின்னால் நிற்பது சொத்தாசையே என்போரும் உண்டு. வீட்டுடைமையாளர்கள் தம் ஆஸ்தியின் விலையைக் காக்கவே உள்ளூர் அரசியலில் ஈடுபடுகிறார்கள் என்ற சித்தாந்தத்தை அமெரிக்கப் பொருளாதார அறிஞர் வில்லியம் பிஷல் 2001-இல் விரித்துரைத்தார். ஓரளவு உண்மை இதில் இருப்பதை மறுப்பதற்கில்லை. எனினும், ஒருவருக்கு ஆதாயம் இருக்கிறது என்பதால் அவர் சொல்லும் சாக்கடைக் கணக்கு பொய்யாகிவிடாது; எதிர்க்கட்சியில் நிற்கும் நிலச்சொந்தக்காரரின் ஆதாயமோ பன்மடங்கு பெரிது. கேம்பிரிட்ஜ் நகரத்தில் 2006-ஆம் ஆண்டுத் திட்டத்தின்கீழ் வளையத்திலிருந்து சில பகுதிகள் விடுவிக்கப்பட்டபோது, அவற்றுள் ஒன்றான எடிங்டனில், நிலத்துக்குச் சொந்தமான பல்கலைக்கழகமே குடியிருப்பை அமைத்தது. அங்கே ஆரம்பப் பள்ளி 2015-இல் திறக்கப்பட்டது, குடிகள் வந்தது 2017-இல். விற்றுவிட்டுப் போகாமல் தலைமுறைதோறும் அங்கேயே இருக்கப்போகிற சொந்தக்காரர் இருந்தால் வரிசை மாறுகிறது என்பதற்கு அது சான்று. அத்தகைய சொந்தக்காரர் எத்தனை ஊர்களுக்குக் கிடைப்பார் என்பது வேறு கேள்வி.

பொருளாதாரவாதிகளின் கட்சி

வளையத்தின் எதிர்பாராத விளைவுகளை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர் பீட்டர் ஹால். அவரும் சகாக்களும் 1973-இல் வெளியிட்ட இரு தொகுதி ஆராய்ச்சி, நகரங்கள் அடக்கப்பட்டதன் பலனாக நிலவிலை ஏறியது, வீட்டுக்கும் வேலைக்கும் இடையே தூரம் பெருகியது, சுமை ஏழைகளின் தலையில் விழுந்தது என்று முடிவுகட்டியது. வளையத்தைத் தாண்டி அப்பால் குடியேறியவர் நாள்தோறும் ரயிலிலோ காரிலோ அதே வளையத்தைக் கடந்து வேலைக்கு வருகிறார். நகரப் பெருக்கம் நிற்கவில்லை, குதித்துச் சென்றது.

லண்டன் பொருளாதாரப் பள்ளியைச் சேர்ந்த பால் செஷயர் இக்கட்சியின் இடைவிடாத வழக்கறிஞர். அவருடைய சகாவான கிறிஸ்டியன் ஹில்பரும் வௌட்டர் வெர்மியூலனும் 2016-இல் வெளியிட்ட கட்டுரை, திட்டக் கட்டுப்பாடுகள் இங்கிலாந்தின் வீட்டு விலையைக் கணிசமாக உயர்த்தியிருப்பதாகக் கணக்கிட்டது. சர்ரே கவுண்டியில் வீடுகளைவிடக் கோல்ப் மைதானங்களே அதிக நிலத்தைப் பிடித்திருக்கின்றன என்ற பிரசித்தமான வாதமும் இத்தரப்பிலிருந்து எழுந்ததே. அது வீட்டின் அடித்தளத்தை மட்டும் கணக்கிட்டுத் தோட்டத்தை விட்டுவிட்ட கணக்கு என்பதை வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. உண்மையான வாதத்துக்கு இத்தகைய அலங்காரம் தேவையில்லை.

இக்கட்சியின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. நிலத்தை விடுவித்தால் வீடு தானே எழும், விலை தானே இறங்கும் என்று அது எளிதில் அனுமானிக்கிறது. அரசாங்கத்துக்காக ஆலிவர் லெட்வின் 2018-இல் அளித்த அறிக்கையோ, அனுமதி கிடைத்த பெருந்திட்டங்களிற்கூட, உள்ளூர்ச் சந்தை விலை குலையாத வேகத்திலேயே கம்பெனிகள் வீடுகளைக் கட்டி விற்கின்றன என்று காட்டியது. வட்டி விகிதமும் கடன் வசதியும் விலையைப் பாதிப்பதையும் மறக்கலாகாது.

பாழ்நிலமே முதலில் என்போர்

1926-இல் தோன்றிய நாட்டுப்புறப் பாதுகாப்புச் சங்கம், நகரங்களுக்குள் பயனற்றுக் கிடக்கும் பழைய ஆலைமனைகளையே முதலில் பயன்படுத்த வேண்டும் என்கிறது. கவுன்சில் பதிவேடுகளின்படி அவற்றில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இடமுண்டு என்பது அதன் கணக்கு. கொள்கையளவில் இதை ஆட்சேபிப்பார் அரிது. ஆனால் அந்த மனைகள் பலவும் வீட்டுத் தேவை மிகுந்த தென்கிழக்கில் இல்லை. மண்ணில் ஊறிய ரசாயனங்களை அகற்றும் செலவும் கூடுகிறது.

சாம்பல் வளையம்

2024 ஜூலையில் பதவியேற்ற தொழிற்கட்சி அரசாங்கம், அப்பார்லிமெண்டின் காலத்துக்குள் 15 இலட்சம் வீடுகள் என்ற இலக்குடன், அவ்வாண்டு டிசம்பரில் தேசியக் கொள்கையைத் திருத்தி, 'சாம்பல் வளையம்' என்ற புது வகையைப் புகுத்தியது. முன்பே கட்டடம் இருந்த நிலமும், நகரப் பரவலைத் தடுத்தல், நகரங்கள் ஒட்டாமற் காத்தல், பழைய நகரச் சூழலைப் பேணல் என்ற மூன்று நோக்கங்களுக்கும் வலுவாகத் துணைபுரியாத நிலமும் இதில் அடங்கும். ஐந்து நோக்கங்களில் நாட்டுப்புறத்தை ஆக்கிரமிப்பிலிருந்து காப்பது இந்தச் சோதனையிலிருந்து விடுபட்டிருக்கிறது; மேலும், இச்சோதனையில் கிராமங்களைப் பெருநகரமாகவோ நகரமாகவோ கருதலாகாது என்று அடுத்து வந்த விளக்கக் குறிப்பு கூறிற்று. இரண்டு கிராமங்களுக்கு இடையே இருக்கும் வயலுக்காக வாதாடும் ஊராருக்கு இருந்த ஆயுதங்களில் கூர்மையானவை இவ்வாறு மழுங்கின. அரசியல்வாதிகள் மேடையில் உதாரணங் காட்டிய பாழடைந்த கார் நிறுத்துமிடங்களுக்கும், வரையறையின் வாசகம் உள்ளே அனுமதிக்கும் சாதாரண வயல்களுக்கும் இடையேயுள்ள தூரம் சிறிதன்று.

இதற்குப் பிரதியாக மூன்று நிபந்தனைகள் வைக்கப்பட்டன: அவ்விடத்தில் வழக்கமாகக் கோரப்படும் மலிவு வீடுகளின் விகிதத்தோடு 15 சதவீதப் புள்ளிகள் கூட்டி, 50 சதவீத உச்சவரம்புக்குள் மலிவு வீடுகள் தர வேண்டும், தேவையான பொதுவசதிகள் செய்ய வேண்டும், ஜனங்கள் சென்று பயன்படுத்தத்தக்க பசுந்திடல் அமைக்க வேண்டும். ஹாவர்டின் பழைய உடன்படிக்கையின் இழந்துபோன உறுப்பை, அதாவது ஏறும் மதிப்பில் ஊருக்கு ஒரு பங்கு என்பதை, இந்நிபந்தனைகள் வேறு வழியில் மீட்க முயல்வதாகக் கொள்ளலாம்.

தீராது நிற்பவை

புதுக் குடியிருப்பில் நாளை வசிக்கப்போகிறவர்களுக்கு இன்றைய ஊர்க் கூட்டத்தில் குரலில்லை. அவர்கள் யாரென்றே தெரியாது. அவர்களுக்காகப் பேசுவது மத்திய அரசாங்கத்தின் வேலையென்றால், உள்ளூர் சம்மதம் என்பதற்கு எவ்வளவு எடை மிஞ்சும் என்பதை எந்தக் கட்சியும் இதுவரை திருப்திகரமாக விளக்கியதில்லை. ஒவ்வொரு வயலும் தனித்தனியாக நிறுக்கப்பட்டு, அது ஒன்று போவதால் வளையத்துக்குப் பெரிய நஷ்டமில்லை என்று தீர்மானிக்கப்படும்போது, எல்லா வயல்களையும் சேர்த்துக் கணக்கிடுவது யார் என்பதும் நெடுநாள் ஐயம். 2011-ஆம் ஆண்டுச் சட்டம் வட்டாரத் திட்டங்களை ஒழிக்க வழிசெய்த பிறகு அந்தப் பொறுப்பு லண்டனுக்கு வெளியே பெரும்பாலும் ஆளில்லாமற் கிடந்தது.

நிபந்தனைகளின் கதி மிக உன்னிப்பாகக் கவனிக்கத்தக்கது. 1947-இல் மதிப்பேற்றம் முழுவதும் வரியாகக் கேட்கப்பட்டபோது, விற்பதால் லாபமில்லை என்று கண்ட பல சொந்தக்காரர்கள் நிலத்தை விற்காமல் வைத்துக்கொண்டார்கள். பின்வந்த வரிகளின் காலத்தில், அடுத்த ஆட்சியில் வரி நீங்கிவிடும் என்று காத்திருந்தவர்களின் எதிர்பார்ப்பு பொய்க்கவுமில்லை. பாதி வரை வீடுகள் மலிவாக வேண்டும் என்ற கோரிக்கை அத்தகைய காத்திருப்பை மீண்டும் தூண்டுமா, அல்லது வயலின் விலையைத் தொடக்கத்திலேயே இறக்கி, கட்டுவோருக்கும் ஊராருக்கும் இடங்கொடுக்குமா என்பதற்கு இருவகை அனுமானங்களும் சாத்தியம். சாக்கடை முதலில் வருமா வீடு முதலில் வருமா என்ற கிராமத்துக் கேள்விக்கு அனுமதிப் பத்திரத்தின் எந்த ஷரத்தில் பதில் எழுதப்படுகிறது, அந்த ஷரத்து நிறைவேறியதை யார் சோதிக்கிறார்கள் என்பதும் இன்னும் ஊருக்கு ஊர் மாறுபடுகிறது.